நன்றாக நடக்கும்போதே ஏன் மாற்ற வேண்டும்?

கேள்வி இதுதான்: நன்றாக ஓடிக்கொண்டிருக்கிற ஓர் அரசையோ பெரிய நிறுவனத்தையோ சில ஆண்டுகளுக்கு ஒருமுறை ஏன் கலைத்துப் போட வேண்டும்? அனுபவமுள்ள தலைவரை அனுப்பிவிட்டுப் புதிதாக ஒருவரை உட்காரவைத்து, அவர் வேலை பழகும்வரை எல்லோரும் காத்திருப்பது வீண்தானே? தப்பு நடந்தால் அப்போது மாற்றிக்கொள்ளலாமே?

நியாயமான கேள்வி. இதற்கு வழக்கமாக வரும் பதில், அதிகாரத்தில் நெடுநாள் இருந்தால் மனிதர் கெட்டுப்போவார் என்பது. எனக்கு அந்தப் பதிலில் திருப்தி இல்லை. கெட்டுப்போகாதவர்களும் நிறையப் பேர் இருக்கிறார்கள். முப்பது வருடம் ஒரே பதவியில் இருந்தும் ஒரு பைசா தொடாதவர்கள், இரவு பகல் பாராமல் உழைத்தவர்கள், கீழே இருப்பவர்களிடம் அன்பாக நடந்துகொண்டவர்கள் உண்டு. அவர்கள் கையிலும் அமைப்பு மெல்ல மக்கிப்போனதைப் பார்த்திருக்கிறேன். ஆகவே தலைவரின் குணத்தைப் பற்றிப் பேசி இந்தக் கேள்விக்கு விடை காண முடியாது. விடை கேள்வியின் கடைசி வரியில் இருக்கிறது. 'தப்பு நடந்தால் அப்போது மாற்றிக்கொள்ளலாம்' என்கிறோமே, தப்பு நடப்பது நமக்குத் தெரியவரும் என்று நம்பித்தான் அப்படிச் சொல்கிறோம். ஒரே ஆளும் ஒரே நடைமுறையும் நெடுங்காலம் நீடித்தால் முதலில் பழுதாவது அந்தத் தெரியவரும் வழிதான். காய்ச்சல் வந்தால் மருந்து சாப்பிடலாம் என்று காத்திருக்கிறோம், தெர்மாமீட்டர் எப்போதோ உடைந்துவிட்டது.

ஃபோர்டு கார் கம்பெனியில் நடந்த ஒரு சம்பவம் மேலாண்மை படித்தவர்கள் பலருக்குத் தெரிந்திருக்கும். 2006 செப்டம்பரில் போயிங் விமான நிறுவனத்திலிருந்து ஆலன் முலாலி அங்கே தலைமைச் செயல் அதிகாரியாக வந்தார். அவருக்கு முன் அந்த நாற்காலியில் இருந்த பில் ஃபோர்டு, நிறுவனரின் கொள்ளுப்பேரன், தானாகவே அதை விட்டுக்கொடுத்திருந்தார். முலாலி வாரம் ஒரு மீட்டிங் வைத்தார். ஒவ்வொரு பிரிவுத் தலைவரும் தன் வேலை ஒழுங்காகப் போனால் பச்சை, தடுமாறினால் மஞ்சள், கெட்டுப்போயிருந்தால் சிவப்பு என்று நிறம் போட்டு அறிக்கை காட்ட வேண்டும். வாரம் தவறாமல் எல்லா அறிக்கையும் பச்சையாகவே வந்தது. அந்த வருடம் கம்பெனிக்கு நஷ்டம் 1,200 கோடி டாலருக்கும் மேல். இத்தனை கோடி நஷ்டத்தில் ஒரு இடத்தில்கூடவா பிரச்சினை இல்லை என்று அவர் கேட்கவேண்டியிருந்தது. கடைசியில் மார்க் ஃபீல்ட்ஸ் என்ற அதிகாரி சிவப்பு காட்டினார், கனடாவில் தயாராகிக்கொண்டிருந்த புது மாடல் ஒன்றில் கோளாறு, வெளியீட்டை நிறுத்திவைத்திருக்கிறேன் என்றார். அறையில் எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு இருக்க, முலாலி கைதட்டினார். அதற்குப் பிறகுதான் மற்றவர்களின் தாள்களிலும் மஞ்சளும் சிவப்பும் வர ஆரம்பித்தன. சிவப்பு காட்டிய ஃபீல்ட்ஸ் 2014இல் அதே முலாலிக்கு அடுத்த தலைவரானார்.

இதில் எனக்கு முக்கியமாகப் படுவது, அந்த அதிகாரிகள் யாரும் பொய்யர்கள் இல்லை என்பது. கெட்ட செய்தி சொன்னவனுக்கு என்ன ஆகும் என்று பல வருடப் பழக்கத்தில் கற்றுக்கொண்டவர்கள், அவ்வளவுதான். அந்தப் பழக்கத்தை உள்ளே இருந்த எவராலும் உடைக்க முடியவில்லை. பழக்கம் தெரியாத ஒருவர் வந்து, ஒன்றும் அறியாதவர் போல ஒரு கேள்வி கேட்கவேண்டியிருந்தது.

இதைப் பயத்தினால் நடப்பது என்று மட்டும் நினைத்துவிடக் கூடாது. நான் பல வருடம் உள் தணிக்கை வேலையில் இருந்தவன். ஒரு பெரிய அமைப்பில் இருந்தபோது, ஒரு கிளையின் இருப்புப் பதிவேட்டைப் பார்த்துவிட்டு 'இருப்புக் கணக்கு மூன்று மாதமாக ஒத்துப்போகவில்லை' என்று எழுதினேன். என் மேலதிகாரி அதை 'சில மாதங்களாக முழுமையாக ஒத்துப்போகவில்லை' என்று மாற்றினார், மூன்று மாதம் என்று போட்டால் நான்காவது மாதக் கணக்கு எங்கே என்று கேட்பார்களாம். அவருக்கு மேலே இருந்தவர் 'முழுமையாக ஒத்துப்போகச் செய்யும் முயற்சி நடைபெறுகிறது' என்றார். உச்சிக்குப் போய்ச் சேர்ந்தபோது அந்த வரி 'இருப்புக் கணக்கைச் சரிபார்க்கும் பணி தொடர்கிறது' என்று ஆகியிருந்தது. மூன்று பேரும் நல்லவர்கள். ஒவ்வொருவரும் இரண்டொரு சொல்லைத்தான் தொட்டார்கள். ஏன் தெரியுமா? அந்த இருப்பு முறையை வடிவமைத்ததே தலைவர்தான், பதினோரு வருடத்துக்கு முன்னால், அந்த அமைப்பு தள்ளாடிக்கொண்டிருந்த நேரத்தில். அதைக் காப்பாற்றியதும் அதே முறைதான். அவரிடம் யாருக்கும் பயம் கிடையாது. மரியாதை இருந்தது, பாசமும் இருந்தது. அவர் மனம் நோகுமே என்று ஒவ்வொரு படியிலும் ஒரு சொல்லை மழித்துக்கொண்டே போனார்கள். கொடுங்கோலரிடம் உண்மை போய்ச் சேராது என்பது எல்லோருக்கும் தெரியும். அன்பான தலைவரிடமும் போய்ச் சேராது என்பதை அன்றைக்குத்தான் நான் தெரிந்துகொண்டேன், இன்றைக்கும் அதை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது, ஏனென்றால் அந்தக் கணக்கு ஒத்துப்போகாததன் விலையைக் கடைசியில் கொடுத்தவர்கள் கிளையில் இருந்த இரண்டு இளைய குமாஸ்தாக்கள்.

அடுத்த விஷயம், தன் கையெழுத்தைத் தானே அடிக்க யாருக்கும் மனம் வராது. மைக்ரோசாஃப்டில் ஸ்டீவ் பால்மர் 14 ஆண்டுகள் தலைவராக இருந்தார். அவர் காலத்தின் கடைசிப் பெரிய முடிவு, 2013 செப்டம்பரில் அறிவித்த நோக்கியா கைபேசிப் பிரிவின் கொள்முதல். 2014 பிப்ரவரியில் சத்யா நாதெள்ளா வந்தார். ஒன்றரை வருடத்துக்குள், 2015 ஜூலையில், அந்தக் கொள்முதலின் மதிப்பில் 760 கோடி டாலரை நஷ்டம் என்று எழுதித் தள்ளிவிட்டு வேறு வேலையைப் பார்க்கப் போனார். பால்மரைவிட நாதெள்ளா அறிவாளி என்பதற்காக இதைச் சொல்லவில்லை. அந்த முடிவில் நாதெள்ளாவின் மானம் சிக்கியிருக்கவில்லை, அதைச் சொல்கிறேன். பால்மர் நீடித்திருந்தால், 'இன்னும் ஒரு வருடம் பார்ப்போம்' என்று சொல்ல அவருக்கு எல்லாக் காரணமும் இருந்திருக்கும், அவை எல்லாமே கேட்க நியாயமாகவும் இருந்திருக்கும். இன்னொன்றையும் கவனியுங்கள், நாதெள்ளா வெளியாள் இல்லை. 1992லிருந்து அதே நிறுவனத்தில் இருந்தவர். புதுப்பித்தல் என்றாலே வெளியிலிருந்து ஆளைக் கொண்டுவருவது என்று பலர் நினைக்கிறார்கள், அது அவசியமில்லை. பழைய முடிவைக் கட்டிக் காக்கவேண்டிய கட்டாயம் இல்லாத ஆளாக இருந்தால் போதும்.

சரி, அரசுகளுக்கு வருவோம். நெடுங்காலம் மாறாமல் இருந்த தலைமைக்கு சோவியத் ஒன்றியத்தைச் சொல்வார்கள். ஆனால் அங்கே ஒருகாலத்தில் கட்டாயச் சுழற்சி விதி இருந்தது என்பது பலருக்குத் தெரியாது. 1961இல் நடந்த கம்யூனிஸ்ட் கட்சியின் 22வது மாநாட்டில், அப்போதைய தலைவர் குருசேவ் ஒரு விதியைக் கொண்டுவந்தார். ஒவ்வொரு தேர்தலிலும் மத்தியக் குழுவிலும் அதன் உச்சக் குழுவிலும் குறைந்தது நான்கில் ஒரு பங்கு பேர் மாற வேண்டும், குடியரசு அளவில் மூன்றில் ஒரு பங்கு, மாவட்ட அளவில் பாதிப் பேர். விதிவிலக்கும் இருந்தது, தனிச் செல்வாக்கும் தகுதியும் உள்ளவர்கள் கூடுதல் காலம் இருக்கலாம் என்று. ஆக, மேலே இருப்பவர்களுக்குத் தப்பிக்க வழி வைத்துவிட்டுக் கீழே இருப்பவர்களின் நாற்காலியை மட்டும் ஆட்டினார். அதிகாரிகளுக்கு இது எப்படி இருந்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. 1964 அக்டோபரில் குருசேவை இறக்கினார்கள், அதற்கான காரணங்களில் இந்த வெறுப்பும் ஒன்று. 1966இல் நடந்த அடுத்த மாநாட்டிலேயே விதியையும் நீக்கிவிட்டார்கள்.

அதற்குப் பிறகு வந்த பிரெஷ்னேவின் கொள்கை, அதிகாரிகளை நம்பு, அவர்களைத் தொந்தரவு செய்யாதே என்பது. எல்லோருக்கும் நிம்மதி. உட்கார்ந்த இடத்திலேயே எல்லோருக்கும் வயதானது. 1970களில் எண்ணெய் விலை ஏறியதால் சைபீரிய எண்ணெயில் வந்த பணம் எல்லா ஓட்டையையும் மூடியது, வலி தெரியவில்லை. பிரெஷ்னேவ் 18 ஆண்டுகள் இருந்துவிட்டு 1982 நவம்பரில் 75 வயதில் இறந்தார். அடுத்து வந்த ஆந்த்ரோப்போவ் சிறுநீரக நோயாளி, 15 மாதத்தில் இறந்தார். அடுத்து 72 வயது செர்னென்கோ, பதவியேற்கும்போதே மூச்சுத் திணறிக்கொண்டிருந்தவர், 13 மாதம். இரண்டரை வருடத்துக்குள் மூன்று இறுதி ஊர்வலங்கள். உலகின் பாதியை அழிக்கும் ஆயுதங்களை வைத்திருந்த ஒரு நாட்டில், அடுத்து யார் என்ற கேள்விக்கு இன்னொரு முதியவரைத் தவிர வேறு பெயரைச் சொல்ல ஆளில்லாமல் போனது, ஏனென்றால் நடுவயதில் இருந்த ஒரு தலைமுறையே மேலே வர வழியில்லாமல் தேங்கிக் கிடந்தது. 1985 மார்ச்சில் 54 வயது கோர்பச்சேவ் வந்தபோது இருபது வருடமாகத் தள்ளிப்போட்ட மாற்றங்களை எல்லாம் ஒரே மூச்சில் செய்யவேண்டியிருந்தது. 1991 டிசம்பரில் அந்த நாடே இல்லை. அந்த வீழ்ச்சிக்கு வேறு பல காரணங்களும் உண்டு, நான் மறுக்கவில்லை. ஆனால் தவணை தவணையாகக் கட்டியிருக்கவேண்டிய கடனை வட்டியோடு ஒரே நாளில் கேட்டால் எந்த வீடும் தாங்காது.

இதுவரை ஆட்களைப் பற்றித்தான் பேசினேன். ஆட்கள் மாறியும் அமைப்பு மாறாமல் இருப்பது தனி நோய், சொல்லப்போனால் அதுதான் அதிகம் பரவியது, ஏனென்றால் அதற்கு முகம் கிடையாது, யாரைக் குறைசொல்வது என்றே தெரியாது.

அதே தணிக்கை வேலையில் நான் பார்த்த ஒரு படிவத்தைச் சொல்கிறேன். தினசரி வரவுப் பதிவேட்டின் ஏழாவது கட்டத்துக்கு 'சுருள் எண்' என்று தலைப்பு. ஒருகாலத்தில் கணக்கு இயந்திரம் காகிதச் சுருளில் அச்சடித்துத் தள்ளும், அந்தச் சுருளுக்கு எண் உண்டு, அதை எழுதுவதற்கான கட்டம் அது. இயந்திரம் போய்ப் பல வருடம் ஆகிவிட்டது. கட்டம் போகவில்லை. புதிதாக வேலைக்கு வருபவருக்கு, 'இதில் கோடு போட்டுவிடு' என்று சொல்லிக்கொடுப்பார்கள். அப்புறம் எல்லாவற்றையும் கம்ப்யூட்டருக்கு மாற்றினார்கள், பெரிய செலவில். மென்பொருள் எழுதியவர்கள் படிவத்தை அப்படியே பிரதி எடுத்ததால் ஏழாவது கட்டமும் திரைக்கு வந்துவிட்டது, அதை நிரப்பாவிட்டால் அடுத்த பக்கம் போகாது. ஆகவே எல்லோரும் பூஜ்யம் அடித்தார்கள். மாதக் கடைசியில் அந்தப் பூஜ்யங்களைக் கூட்டி ஒரு அறிக்கை போனது. நான் கேட்டபோது அந்த அறிக்கையைப் பெறவேண்டிய பிரிவே மூடப்பட்டிருந்தது. இத்தனைக்கும் இடையில் நான்கு தலைவர்கள் வந்து போயிருந்தார்கள், ஒவ்வொருவரும் மாற்றம் பற்றிப் பேசியவர்கள்தான்.

ஜப்பான் போன்ற நாட்டிலேயே, அரசுக்கு ஆவணங்களை ஃபிளாப்பி டிஸ்க்கில் தரச் சொல்லும் விதிகள் 2024 வரை இருந்தன. டாரோ கோனோ என்ற அமைச்சர் 2022இல் இதை எதிர்த்துப் போர் என்றே அறிவித்து, ஆயிரத்துக்கும் மேற்பட்ட விதிகளை ஒவ்வொன்றாகத் தேடி எடுத்து நீக்க இரண்டு வருடம் ஆனது. யாரும் ஃபிளாப்பியை விரும்பி வைத்திருக்கவில்லை. நீக்குவது யாருடைய வேலையாகவும் இல்லை, அதனால் இருந்தது. அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில் 2020 ஏப்ரலில் கொரோனாவால் வேலையிழந்தவர்கள் உதவித்தொகைக்கு லட்சக்கணக்கில் விண்ணப்பித்தபோது, பல பத்தாண்டுகள் பழைய கம்ப்யூட்டர் அமைப்பு திணறியது. கோபால் (COBOL) என்ற பழைய நிரல்மொழி தெரிந்தவர்கள் யாராவது வந்து உதவுங்கள் என்று ஆளுநர் வெளிப்படையாகக் கேட்டார். அமைப்பு வேலையில் இருந்தது, அதை அறிந்தவர்கள் ஓய்வு பெற்றுவிட்டார்கள்.

அமைப்பு தானாகச் சுருங்காது என்பதற்கு இன்னொரு உதாரணமும் உண்டு. பார்க்கின்சன் என்ற பிரிட்டிஷ் வரலாற்றாசிரியர் 1950களில் எடுத்துக் காட்டிய கணக்கு அது. 1914இல் பிரிட்டிஷ் கடற்படையிடம் 62 பெரிய போர்க்கப்பல்கள், 1928இல் 20தான். அதே காலத்தில் கடற்படைத் தலைமையகத்து அதிகாரிகள் 2,000 பேரிலிருந்து 3,569 பேர் ஆனார்கள். குடியேற்ற நாடுகள் விடுதலையாகிக் குறைந்துகொண்டிருந்தபோது அவற்றை ஆளும் அலுவலகத்தில் 1935இல் 372 பேர் இருந்தது 1954இல் 1,661 பேர் ஆயிற்று. கப்பல் குறைந்தாலும் கோப்பு குறையாது, ஒருவர் எழுதுவதை இன்னொருவர் சரிபார்க்க வேண்டும், சரிபார்த்ததை மூன்றாமவர் பதிவு செய்ய வேண்டும்.

அப்படியானால் எப்போது புதுப்பிப்பது? பழுதானதும் என்றால், பழுது தெரியாது என்று மேலேயே சொல்லிவிட்டேன். நாள் குறித்து வைத்துவிடுவதுதான் ஒரே வழி. இதற்கு எனக்குப் பிடித்த உதாரணம் ஜப்பானின் இசே ஆலயம். 7ஆம் நூற்றாண்டின் கடைசியில் தொடங்கிய வழக்கம், இருபது வருடத்துக்கு ஒருமுறை பக்கத்து மனையில் அதே வடிவில் புதிதாகக் கட்டிவிட்டுப் பழையதைப் பிரித்துவிடுவார்கள். உள்நாட்டுப் போர்க் காலத்தில் நூறு வருடத்துக்கும் மேல் தடைபட்டு, மீண்டும் தொடர்ந்து, 2013இல் 62வது முறை கட்டினார்கள். பிரிக்கும்போது பழைய கட்டடம் விழுகிற நிலையில் இருக்கும் என்பதில்லை. இருபது வருட இடைவெளி என்றால் ஒரு தச்சர் தன் வாழ்நாளில் இதை இரண்டு மூன்று முறை சந்திப்பார், முதலில் கற்றுக்கொள்பவராக, அடுத்து வேலை செய்பவராக, பிறகு கற்றுக்கொடுப்பவராக. நூறு வருடம் தாங்கும் கல் கட்டடமாகக் கட்டியிருந்தால் கட்டடம் இருந்திருக்கும், கட்டத் தெரிந்தவர்கள் இருந்திருக்க மாட்டார்கள். அனுபவம் வீணாகிறதே என்று கேட்டீர்கள். ஒரே ஆளிடம் தங்கிவிட்ட அனுபவம்தான் அவரோடு போய் வீணாகிறது.

ஆனால் எதிர்ப்பக்கத்தையும் சொல்லாமல் விட்டால் நான் நேர்மையாகப் பதில் சொன்னதாகாது. மாற்றம் மிஞ்சினாலும் கேடுதான். 19ஆம் நூற்றாண்டு அமெரிக்காவில் ஒவ்வொரு புதிய அதிபரும் வந்ததும் தபால் அலுவலர் வரை ஆயிரக்கணக்கான பதவிகளைத் தன் ஆட்களுக்குக் கொடுப்பார். பதவி கேட்டு வாசலில் கூட்டம் நிற்கும். 1881இல் அப்படிப் பதவி கிடைக்காத ஒருவன் அதிபர் கார்ஃபீல்டைச் சுட்டுக் கொன்றான். 1883இல் பெண்டில்டன் சட்டம் வந்து, தேர்வு எழுதித் தகுதி காட்டினால்தான் வேலை, ஆட்சி மாறினாலும் வேலை போகாது என்ற நிலைமை தொடங்கியது. கலிஃபோர்னியாவில் 1990இல் மக்கள் வாக்களித்துக் கீழவை உறுப்பினருக்கு ஆறு வருடம், மேலவைக்கு எட்டு வருடம் என்று எல்லை போட்டார்கள். உறுப்பினர் வேலை கற்றுக்கொள்வதற்குள் கிளம்பவேண்டி வந்தது, சட்டம் எழுதத் தெரிந்த நிரந்தர அலுவலர்கள் பக்கமும் தரகர்கள் பக்கமும் செல்வாக்குப் போயிற்று என்ற குறை வலுத்து, 2012இல் எந்த அவையானாலும் மொத்தம் 12 வருடம் என்று திருத்தினார்கள்.

இத்தாலியோ இன்னொரு வகை. 1946இல் குடியரசானதிலிருந்து 1994 வரை கிட்டத்தட்ட 50 அரசுகள் மாறின, சராசரியாக வருடத்துக்கு ஒன்று. பார்க்க ஓயாத மாற்றம். ஆனால் அத்தனை அரசிலும் கிறிஸ்தவ ஜனநாயகக் கட்சி இருந்தது, அதே ஆட்கள் இன்று நிதி, நாளை வெளியுறவு, மறுநாள் பிரதமர் என்று நாற்காலி மாற்றிக்கொண்டார்கள். 1992இல் மிலான் அரசு வழக்குரைஞர்கள் லஞ்ச விசாரணையைத் தொடங்கியபோது, ஒப்பந்தத்துக்குக் கமிஷன் என்பது எல்லாக் கட்சிகளும் பங்கு போட்டுக்கொண்ட ஏற்பாடாகவே பல காலமாக நடந்துவந்தது வெளியே வந்தது, இரண்டே வருடத்தில் அந்தக் கட்சி கலைந்தது. முகம் மாறுவதை மாற்றம் என்று எண்ணினால் இப்படித்தான் ஏமாறுவோம்.

ஆக, ஆளும் மாற வேண்டும், அறிவும் கைமாறாமல் போகக் கூடாது. இந்த இரண்டையும் சேர்த்து யோசித்தவர்கள் ஆயிரம் வருடத்துக்கு முன்பே இருந்திருக்கிறார்கள். உத்திரமேரூரில் முதலாம் பராந்தக சோழன் காலத்து, கி.பி. 919, 921ஆம் ஆண்டுக் கல்வெட்டுகளைக் குடவோலைக்காக எல்லோரும் புகழ்கிறார்கள், எனக்கோ அதில் குலுக்கலைவிட மற்ற விதிகள்தான் பெரிதாகத் தெரிகின்றன. வாரியத்தில் இருப்பவருக்குப் பதவிக்காலம் 360 நாள். கடந்த மூன்று வருடத்துக்குள் வாரியம் செய்தவர் பெயரை மறுபடி ஓலையில் எழுத முடியாது. முன்பு வாரியம் செய்து கணக்குக் காட்டாமல் போனவருக்கு இடமில்லை, அவருடைய நெருங்கிய உறவினர்களுக்கும் இல்லை, யார் யார் உறவு என்று பட்டியலே போட்டிருக்கிறார்கள். அதாவது அண்ணன் இறங்கித் தம்பி ஏறும் வித்தைக்கு வழியடைத்துவிட்டார்கள். இதில் மிக நுட்பமான வரி வேறொன்று. தேர்வான 30 பேரில், முன்பு தோட்ட வாரியமும் ஏரி வாரியமும் செய்து பழகியவர்கள், கல்வியிலும் வயதிலும் மூத்தவர்கள் என்று 12 பேரைத்தான் பெரிய குழுவான சம்வத்சர வாரியத்துக்கு எடுக்க வேண்டும், மிச்சம் உள்ளவர்களில் 12 பேர் தோட்டத்துக்கு, 6 பேர் ஏரிக்கு. புதியவர் ஏரியில் பழகிவிட்டுத்தான் மேலே வர முடியும். நிலமும் வேதக் கல்வியும் உள்ள ஆண்களுக்கு மட்டுமே கதவைத் திறந்த சபை அது, மற்ற எல்லோரையும் வெளியே நிறுத்தியது, அதை மறைக்கக் கூடாது. ஆனாலும் பதவிக்காலம், இடைவெளி, கணக்கு, பழக்கம் என்ற நான்கையும் ஒரே கல்லில் வெட்டிவைத்த அந்தக் கவனம் இன்றைய பல நிறுவனங்களின் விதிப் புத்தகத்தில் கிடையாது.

இன்றைக்கு இதற்கு நெருக்கமாகச் செய்யப்படுவது, எல்லோரையும் ஒரே நாளில் மாற்றாமல் பங்கு பங்காக மாற்றுவது. அமெரிக்க செனட்டிலும் இந்திய மாநிலங்களவையிலும் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மூன்றில் ஒரு பங்கு உறுப்பினர்களின் காலம் முடியும், எப்போது பார்த்தாலும் பழையவர்களும் புதியவர்களும் கலந்தே இருப்பார்கள். ஜெர்மனியின் அரசியல் சாசன நீதிமன்ற நீதிபதிகளுக்கு 12 வருடம், மறு நியமனம் கிடையாது, அதனால் யாரையும் திருப்திப்படுத்தவேண்டிய தேவையும் இல்லை. தணிக்கையாளர்களுக்கும் இது வந்துவிட்டது. இந்தியாவில் 2013ஆம் ஆண்டு கம்பெனிகள் சட்டப்படி பட்டியலிடப்பட்ட நிறுவனத்துக்கு ஒரே தணிக்கை நிறுவனம் தொடர்ந்து 10 வருடத்துக்கு மேல் தணிக்கை செய்ய முடியாது. என் தொழில் அனுபவத்தில் சொல்கிறேன், ஒரே கணக்கை ஆறாவது வருடம் பார்க்கும் கண் அதைப் பார்ப்பதில்லை, போன வருடம் பார்த்ததை நினைவுபடுத்திக்கொள்கிறது.

நடைமுறைகளுக்கும் இதே போல நாள் குறிக்க முடியும். டெக்சஸ் மாநிலத்தில் 1977இல் வந்த சட்டப்படி, பெரும்பாலான அரசு முகமைகளைச் சுமார் 12 வருடத்துக்கு ஒருமுறை ஆராய்வார்கள், சட்டமன்றம் வேண்டும் என்று புதிதாகச் சட்டம் இயற்றினால்தான் அந்த முகமை தொடரும், இல்லாவிட்டால் தானாக முடிந்துவிடும். இதன் அழகு, நிரூபிக்கும் சுமையைத் திருப்பிப் போட்டதில் இருக்கிறது. ஏன் மூட வேண்டும் என்று யாரோ போராடவேண்டிய இடத்தில், ஏன் இருக்க வேண்டும் என்று அதுவே வந்து சொல்லவேண்டியிருக்கிறது. என் ஏழாவது கட்டத்துக்கு இப்படி ஒரு முடிவு நாள் இருந்திருந்தால், யாராவது ஒருவர் கையெழுத்துப் போட்டு அதைத் தொடரச் சொல்லியிருக்க வேண்டும், அந்தக் கையெழுத்தை யாரும் போட்டிருக்க மாட்டார்கள்.

கடைசியாக, கேள்வியில் இல்லாவிட்டாலும் அடுத்து வரப்போகும் கேள்வி: பூனைக்கு யார் மணி கட்டுவது? விதியை மாற்றவேண்டியவர்தான் நாற்காலியில் இருக்கிறாரே. குருசேவ் செய்ததை நினைத்துப் பாருங்கள், இருந்தவர்கள் தலையிலேயே கை வைத்தார், அவர்கள் திருப்பி வைத்தார்கள். அமெரிக்காவில் வேறு மாதிரி நடந்தது. முதல் அதிபர் வாஷிங்டன் இரண்டு தவணையோடு 1797இல் ஒதுங்கியது வெறும் வழக்கமாகத்தான் இருந்தது, எழுதிய விதி இல்லை. 1932, 1936, 1940, 1944 என்று ரூஸ்வெல்ட் நான்கு முறை வென்று 1945இல் பதவியில் இருந்தபடியே இறந்த பிறகு, வழக்கத்தை மட்டும் நம்ப முடியாது என்று புரிந்தது. அரசியல் சாசனத்தின் 22வது திருத்தம் 1951இல் நிறைவேறியது, இரண்டு முறைக்கு மேல் யாரும் தேர்ந்தெடுக்கப்பட முடியாது. ஆனால் அதை முன்மொழிந்தபோது பதவியில் இருந்த ட்ரூமனுக்கு இது பொருந்தாது என்று அதிலேயே எழுதிவிட்டார்கள். அவரைத் தனியாகக் குறிவைத்த சட்டம் என்ற பேச்சுக்கு அதில் இடமில்லாமல் போனது. இனி வருபவருக்கு என்று எழுதும்போது எதிர்ப்பு பாதியாகக் குறைகிறது, ஏனென்றால் இழப்பவர் இன்னும் அறைக்குள் வரவில்லை. உங்கள் அமைப்பில் இப்படி ஒன்றைக் கொண்டுவர நினைத்தால் இந்த வழியில்தான் போகச் சொல்வேன், புதிய தலைவர் வந்த முதல் வருடத்திலேயே, அவருக்கு அடுத்தவரிலிருந்து தொடங்கும்படி. ட்ரூமனுக்குச் சட்டப்படி இன்னொரு தடவை நிற்க உரிமை இருந்தது. 1952 மார்ச்சில் கட்சி வேட்பாளரைத் தேர்ந்தெடுப்பதற்கான நியூ ஹாம்ப்ஷயர் முதல்நிலைத் தேர்தலில் சொந்தக் கட்சிக்காரரிடம் தோற்றார், அந்த மாதக் கடைசியிலேயே, நான் போட்டியிடப்போவதில்லை என்று அறிவித்துவிட்டார்.